பாவு நீட்டும் தெருவில் ஒரு காமிரா

அதிகாலை ஐந்தரை மணி. காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையம். தெரு இன்னும் முழுதாக விழிக்கவில்லை.

தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டு நூல் நீண்டு கிடக்கிறது. பாவு நீட்டுகிறார்கள். நாலைந்து பேர் இரு பக்கமும் நின்று இழை பிரிக்கிறார்கள். அறுந்த இழையை ஒரு பெரியவர் பிடித்து முடிச்சுப் போடுகிறார். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். வண்டிகள் வரத் தொடங்குவதற்குள் நூலைச் சுருட்டி எடுக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. ஒரு வாலிபர் இறங்குகிறார். கழுத்தில் காமிரா.

"பெரியவரே, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. சிரிங்க. தலைப்பாகை கட்டிக்கிறீங்களா?"

"எங்ககிட்டத் தலைப்பாகையெல்லாம் ஏது தம்பி?"

வாலிபர் விடவில்லை. பெரியவரின் தோள் துண்டை எடுத்துத் தலையில் சுற்றச் சொல்கிறார். பெரியவரும் சுற்றிக்கொள்கிறார். நாற்பது படம் எடுத்தாகிவிட்டது. மோட்டார் சைக்கிள் கிளம்பிவிட்டது.

அந்தப் படம் எங்கேயோ ஒரு போட்டிக்குப் போகும். ஒருவேளை பரிசும் வாங்கும். அதைப் பார்க்காத ஆள் ஒருவர்தான். படத்தில் இருக்கும் பெரியவர்!

இந்தக் காட்சி ஒரு கற்பனைதான். ஆனால் காஞ்சீபுரத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். "இது எங்கள் தெருவில் நடந்ததுதானே?" என்பார்கள்.

ஆசைக்கு எடுப்பவர்

போட்டோ எடுப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. தொழிலுக்கு எடுப்பவர் ஒருவர். ஆசைக்கு எடுப்பவர் மற்றொருவர்.

தொழில்காரர் பாடு சுலபமல்ல. முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் அவர் ஐந்து மணிக்கே மண்டபத்தில் நிற்க வேண்டும். பெண்ணின் அத்தை ஒரு பக்கம் இழுப்பார். மாப்பிள்ளையின் மாமா ஒரு பக்கம் இழுப்பார். யார் பணம் கொடுக்கிறாரோ அவருக்குப் பிடித்த மாதிரி படம் வர வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் கை தவறினால், மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

ஆசைக்கு எடுப்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஒரே மரத்தை ஒரு வருஷம் எடுக்கலாம். ஒரே தெருவைப் பத்து வருஷம் எடுக்கலாம். கேட்பார் இல்லை. இவ்வளவு பெரிய சொத்து கையில் இருக்கிறது.

அந்தச் சொத்தை அவர் என்ன செய்கிறார்? மற்றவர்கள் எடுத்த படத்தையே தானும் எடுத்து வீணாக்குகிறார்! அதே கோபுரம், அதே சூரிய அஸ்தமனம், அதே சுருக்கம் விழுந்த கிழவர் முகம்.

முதல் வருஷம் எல்லோரும் அப்படித்தான். அதில் குற்றம் இல்லை. குழந்தை நடக்கப் பழகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். ஐந்து வருஷம் கழித்தும் சுவரையே பிடித்துக்கொண்டிருந்தால்தான் வீட்டில் கவலைப்படுவார்கள்.

லென்ஸ் பைத்தியம்

இரண்டாவது வருஷத்தில் ஒரு காய்ச்சல் வரும். அதற்கு லென்ஸ் காய்ச்சல் என்று பெயர் வைக்கலாம். "இந்த லென்ஸ் இருந்தால் நானும் எடுத்துவிடுவேன்" என்று தோன்றும். சம்பளத்தில் பாதி அதற்குப் போகும். வீட்டில் சண்டை வரும்.

இந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மா. கிருஷ்ணனின் கதையைச் சொல்லலாம். 1912-ல் பிறந்தவர். தமிழில் ஆரம்ப கால நாவல்களை எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டு விலங்குகளைப் படம் பிடிப்பதில் இந்தியாவிலேயே முன்னோடிகளில் ஒருவர். காட்டு யானைகளைப் பற்றி அவர் எழுதியதையும் எடுத்ததையும் இன்றைக்கும் காட்டு இலாகாக்காரர்கள் மதிப்பாகப் பேசுகிறார்கள். 1960-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவருடைய காமிரா என்ன தெரியுமா? பழைய பாகங்களைச் சேர்த்து அவரே கூட்டிக்கொண்ட ஒரு கனமான பெட்டி! உலகமெல்லாம் கலருக்குப் போன பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. கல்கத்தாப் பத்திரிகை ஒன்றில் 1950-ல் ஒரு பகுதி எழுதத் தொடங்கினார். 1996-ல் இறக்கும் வரை எழுதினார். 46 வருஷம்! ஒரு அணிலையும் ஒரு ஆந்தையையும் 46 வருஷம் அலுக்காமல் பார்த்த கண் அது. அந்தக் கண் எந்தக் கடையில் விற்கிறது?

இன்றைக்குக் கையில் இருக்கும் சாதாரண செல்போனே போதும். அது அவருடைய பெட்டியைவிட எவ்வளவோ சுலபமானது.

கல் சொல்லும் பாடம்

காஞ்சீபுரத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு. வெளிச்சத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேறு பள்ளிக்கூடம் வேண்டாம். கைலாசநாதர் கோயில் போதும்.

பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மணற்கல் கோயில். கிழக்குப் பார்த்தது. பிராகாரத்தைச் சுற்றி வரிசையாக 58 சின்னஞ்சிறு சன்னதிகள். தூண்களில் எல்லாம் சிங்கங்கள் எழும்பி நிற்கின்றன.

நடுப்பகலில் போய் ஒரு சிங்கத்தைப் படம் எடுங்கள். சிங்கம் சப்பையாகத் தெரியும். வெளிச்சம் உச்சியிலிருந்து கொட்டுவதால், செதுக்கிய பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும்.

அதே சிங்கத்தைக் காலை ஏழு மணிக்கு எடுங்கள். வெயில் பக்கத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிறது. பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனியாக எழும்பி நிற்கிறது. மணற்கல் தங்கம் மாதிரி சிவக்கிறது. சிங்கம் அதேதான். காமிராவும் அதேதான். மாறியது வெயில் மட்டும்.

ஒரு வாரம் ஒரே சிங்கத்தை வேளைக்கு ஒரு தரம் எடுத்தவர் கற்றுக்கொள்வது அதிகம். ஒரே நாளில் ஒன்பது கோயில் சுற்றியவர் அவரிடம் தோற்றுப் போவார். (தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் அது. முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும். மற்றக் கோயில்களுக்குப் போகிறவர்களும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. சாமி கும்பிட வந்தவர்களின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டியவர்கள் வரவழைத்த உத்தரவு அது. யாரை நொந்து என்ன பயன்?)

தமிழ்நாட்டுக் கோயில்களை முதன்முதலில் வரிசையாகப் படம் பிடித்தவர்களில் ஒருவரும் ஆசைக்காகக் கற்றவர்தான். லின்னேயஸ் டிரைப் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்து அதிகாரி. விடுமுறையில் இங்கிலாந்து போனபோது போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து 1854-ல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைத் தம் ஆசைக்கு எடுத்தார். அந்தப் படங்கள் நன்றாக இருந்ததால் வேலை தேடி வந்தது. 1856-ல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் போட்டோக்காரராக நியமித்தது. 1858-ல் திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அப்போது பிலிம் கிடையாது. மெழுகு பூசிய காகிதத்தில் எடுக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படமாக எடுத்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! அவ்வளவு பொறுமை அந்த மனிதருக்கு.

தறிக் குழிக்குள்

கோயில் கல் பேசாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். நெசவாளர் வீடு அப்படியல்ல.

உள்ளே போனதும் இருட்டு. ஒரு சன்னல், ஒரு விளக்கு. தரையோடு தரையாகத் தறி. நெய்பவர் தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிறார்.

புதிதாகக் காமிரா வாங்கியவர் உடனே பிளாஷ் லைட்டைப் போடுவார். போச்சு! ஜரிகை முழுதும் வெள்ளைத் திட்டாகிவிடும். பட்டின் மினுமினுப்பு செத்துவிடும். பட்டுக்குப் பக்கத்து வெளிச்சம்தான் உயிர். சன்னலோரம் காத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் காஞ்சீபுரம் பட்டு தன் நிறத்தைக் காட்டும். துணிக்கடையில் பெண்கள் சேலையைக் கையில் எடுத்து வாசலுக்குக் கொண்டு போய்ப் பார்ப்பது எதற்காக? இந்த இரகசியம் அவர்களுக்கு எப்போதோ தெரியும்.

இன்னொரு விஷயம் பாருங்கள். காஞ்சீபுரம் சேலையின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் நெசவிலேயே கோத்துச் சேர்க்கிறார்கள். மூன்று நாடா ஓடும். ஒருவர் கையால் ஆகிற காரியமல்ல. பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அநேக வீடுகளில் அந்தத் துணை ஆள் மனைவியாக இருப்பார்.

போட்டிகளுக்கு வரும் படங்களில் என்ன இருக்கிறது? நடுவில் ஒரு பெரியவர். சுற்றிலும் அழகான நூல். துணைக்கு உட்கார்ந்த பெண்ணைக் காணோம்! படம் "சுத்தமாக" இருக்க வேண்டும் என்று அவரை நகரச் சொல்லியிருப்பார்கள். படம் சுத்தமாகிவிட்டது. ஒரு சேலைக்கு இரண்டு பேர் உழைப்பு என்ற உண்மை அதிலிருந்து போய்விட்டது.

நெசவுக்குக் கூலி சேலைக் கணக்கு. மாசச் சம்பளம் இல்லை. ஒரு சேலைக்குப் பத்து நாள், பதினைந்து நாள், வேலைப்பாடு அதிகமானால் அதற்கு மேலும் ஆகும். "அண்ணே, ஒரு அரை மணி நேரம் தறியை நிறுத்துங்க" என்று கேட்பவர், அந்த அரை மணிக்குக் கூலி யார் கொடுப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறாரா?

சட்டைப் பொத்தானால் அளந்தவர்

அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். லூயிஸ் ஹைன் என்று பெயர். 1874-ல் பிறந்தவர். நியூயார்க்கில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குப் பக்கத்தில்தான் காமிராவைத் தொட்டார். மாணவர்களுக்குப் பாடம் நடத்த உதவுமே என்று தொட்டார். கப்பலில் வந்து இறங்கும் ஏழைக் குடியேறிகளை எடுத்தார். அந்த முகங்கள் அவரை விடவில்லை.

1908-ல் ஆசிரியர் வேலையை விட்டார். குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழு ஒன்றுக்காக ஊர் ஊராகப் புறப்பட்டார். நூற்பாலைகள், சுரங்கங்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள் என்று போனார். முதலாளிகள் உள்ளே விடுவார்களா? பைபிள் விற்பவர் மாதிரிப் போனார். இயந்திரத்தைப் படம் எடுக்க வந்தவர் மாதிரிப் போனார்.

உள்ளே போனால் குழந்தைகள். நூற்பு இயந்திர வரிசைகளுக்கு நடுவே ஆறு வயது, எட்டு வயதுப் பிஞ்சுகள். வயதைக் கேட்டால் பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். ஹைன் ஒரு தந்திரம் செய்தார். தம் சட்டையின் எந்தப் பொத்தான் எவ்வளவு உயரம் என்று முன்பே அளந்து வைத்துக்கொண்டார். குழந்தையின் தலை எந்தப் பொத்தானுக்கு வருகிறது என்று பார்ப்பார். சட்டைப் பைக்குள்ளேயே கையை விட்டுக் குறிப்பு எழுதுவார்.

தெற்குக் கரோலினாவில் ஒரு பஞ்சாலைச் சிறுமி. 1908-ல் எடுத்த படம். அவள் உயரம் 48 அங்குலம், அரை வருஷமாக வேலை செய்கிறாள் என்று கூடவே எழுதி வைத்தார். படத்தைப் பார்ப்பவர் "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். 48 அங்குலம் என்று படித்தவர் தம் வீட்டுக் குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார் அல்லவா?

ஆயிரக்கணக்கான படங்கள் அப்படிச் சேர்ந்தன. அமெரிக்கா முழுமைக்கும் குழந்தை வேலையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1938-ல் வந்தது. முப்பது வருஷம் ஆயிற்று! அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் பல பேர். அந்தப் பல பேர் கையிலும் ஹைனின் படங்கள் இருந்தன. ஹைன் 1940-ல் வறுமையில் இறந்தார்.

காஞ்சீபுரத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இருக்கிறது. தறிக்குத் துணையாகச் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்த காலம் இந்த ஊரிலும் இருந்தது. 1990-களில் பத்திரிகைகள் இதைப் பற்றி நிறைய எழுதின. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. 2016-ல் அது இறுக்கப்பட்டது. 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு உண்டு. இத்தனைக்குப் பிறகும், தறியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையை "கலையின் வாரிசு" என்று தலைப்புக் கொடுத்துப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. அந்தக் குழந்தை பள்ளிக்குப் போயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அம்மாவைப் படம் எடுத்த பிள்ளை

இது பழைய கதை, வெளிநாட்டுக் கதை என்று சிலர் சொல்லலாம். மதுரைக் கதை ஒன்று இருக்கிறது.

எம். பழனிகுமார். மீன் விற்கும் தாயின் மகன். 2013-ல் கடன் வாங்கி முதல் காமிராவை வாங்கினார். எல்லோரையும் போலக் கண்டதையெல்லாம் எடுத்தார். பிறகு எதை எடுப்பது என்ற கேள்வி வந்தது. பதில் வீட்டிலேயே இருந்தது. விடிவதற்கு முன் சந்தைக்குப் போய், மீன் கூடையைச் சுமக்கும் அம்மா!

அம்மாவின் வேலையைப் பார்க்கத் தொடங்கிய கண், மற்றவர்களின் வேலையையும் பார்க்கத் தொடங்கியது. துப்புரவுத் தொழிலாளர்கள், மீனவப் பெண்கள், கடற்பாசி எடுப்பவர்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமையைக் காட்டிய 'கக்கூஸ்' என்ற ஆவணப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். அது 2017-ல் வந்தது. கிராமப்புற இந்தியாவின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் 'பாரி' என்ற ஆவணக் காப்பகத்தில் இப்போது போட்டோக்காரர். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் அவர்தான்.

விருது வாங்கியது பெரிதல்ல. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவர்களுக்கும் படம் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார் பாருங்கள், அது பெரிது. வெளியிலிருந்து வருபவர் அந்தத் தெருவுக்குள் பத்து நிமிஷம் நிற்பார். அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைக்கு எந்த வீட்டில் எந்த நேரம் விளக்கு எரியும் என்று தெரியும்.

காஞ்சீபுரத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். தறிக்குத் திரும்பப் போவதில்லை. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்போன் இருக்கிறது. அப்பா பாவு பிணைப்பதை, அம்மா கண்டு சுற்றுவதை, முந்தானையை உடலோடு சேர்க்கும் நுணுக்கமான வேலையை முழுதாக ஒரு தடவை எடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்? தாத்தா கைக்குத் தெரிந்த வேலை தாத்தாவோடு போய்விடும். தறியை மாடியில் ஏற்றிய பிறகு, "எங்கள் வீட்டில் தறி இருந்தது" என்று வாயால் சொல்லத்தான் முடியும்.

அடுத்தது 2059

"போட்டோ எடுத்து என்ன ஆகப் போகிறது? கூலி உயர்ந்துவிடுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஒரு படத்தால் கூலி உயராது. ஹைனுக்கே முப்பது வருஷம் ஆயிற்று.

ஆனால் அத்திவரதரை நினைத்துப் பாருங்கள். வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் இருப்பவர். நாற்பது வருஷத்துக்கு ஒரு தரம் வெளியே வருகிறார். 1979-ல் வந்தார். 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் காட்சி கொடுத்தார். ஊரே திணறியது.

2019-ல் எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது. எல்லோரும் ஒரே மாதிரிப் படத்தை வைத்துக்கொண்டார்கள். சாமி படம். அது பக்தி, சரி. மணிக்கணக்கில் வரிசையில் நின்ற கிழவியை யார் எடுத்தார்கள்? திண்ணையில் பானை வைத்துத் தண்ணீர் கொடுத்த குடும்பத்தை யார் எடுத்தார்கள்? இரவு இரண்டு மணிக்குக் குப்பை அள்ளிய தொழிலாளியை யார் எடுத்தார்கள்? எடுத்தவர்களிலும், தேதி, தெரு, பெயர் எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

அடுத்தது 2059. அன்றைக்கு ஒரு பேரன் கேட்பான், "போன தடவை நம்ம தெரு எப்படி இருந்தது?" என்று. சாமி அப்படியே இருப்பார். தெரு இருக்காது. காட்டுவதற்குப் படம் வேண்டாமா?

செல்போனில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். போன் தண்ணீரில் விழுகிறது, திருடு போகிறது, ஒரு நாள் திடீரென்று திறக்க மறுக்கிறது. பத்தாயிரம் படமும் ஒரே நொடியில் போய்விடும். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய கல்யாணப் படத்தைப் பாருங்கள். ஓரம் மஞ்சளாகிவிட்டது. முகம் இருக்கிறது! வருஷத்துக்குப் பன்னிரண்டு படம் காகிதத்தில் போட்டு, பின்பக்கம் பென்சிலால் யார், எங்கே, எப்போது என்று எழுதி வைத்தால் போதும். எழுதாத படத்தில் ஐம்பது வருஷம் கழித்து யாருக்கும் யாரையும் தெரியாது.

படம் யாருக்குச் சொந்தம்?

1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படம் எடுத்தவருக்குத்தான் அது சொந்தம். படத்தில் இருப்பவருக்கு அல்ல. சட்டம் அப்படி. அது சட்டத்தின் கணக்கு.

மனுஷர் கணக்கு வேறே. ஒருவர் வீட்டுக்குள் போய், அவர் முகத்தையும் அவர் மனைவி உழைப்பையும் எடுத்துக்கொண்டு வந்தால், திருப்பி ஒன்று கொடுக்க வேண்டாமா? ஒரு காகிதப் படத்தின் விலை ஒரு டம்ளர் டீ விலைதான் இருக்கும். அதைக் கொண்டு போய்க் கொடுக்கிறவரை அடுத்த தடவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். தறியை நிறுத்தச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆள் இருப்பதை மறந்துவிட்டு வேலை செய்வார்கள். நல்ல படங்கள் அப்போதுதான் கிடைக்கின்றன. இதை எந்த லென்ஸும் கொடுக்காது.

பரிசே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். பத்து அந்நியர் முன்னால் படத்தை வைத்தால்தான் குறை தெரியும். வீட்டில் எல்லோரும் "சூப்பர்" என்றுதான் சொல்வார்கள். போட்டிக்கு அனுப்பட்டும், தோற்கட்டும், மறுபடி அனுப்பட்டும். பரிசுக்காகப் பெரியவர் தலையில் துண்டைச் சுற்றாமல் இருந்தால் சரி.

அந்த மோட்டார் சைக்கிள் வாலிபர் நல்ல பிள்ளைதான். கெட்ட எண்ணம் கிடையாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பிள்ளையார்பாளையம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தடவை கழுத்தில் காமிரா, கையில் ஒரு கவர்.

பெரியவர் பாவைச் சுருட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கவரைப் பிரிப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிடுவார். அந்த அம்மாளும் வந்து பார்ப்பார்.

"இது யாரு தலையில துண்டு? நம்ம வீட்டு ஆளு மாதிரியே இல்லையே!" என்று அந்த அம்மாள் சிரிப்பார்.

"தம்பி, இது வேணாம்" என்பார் பெரியவர். "உள்ள வா. நாங்க ரெண்டு பேரும் தறியில உட்காருறோம். அப்போ எடு."